விரலா, உள்ளங்கையா?

"எங்கே வலிக்கிறது? காட்டுங்கள்" என்றார் பிசியோதெரபிஸ்ட். நான் குனிந்து, வலது காலின் முன்னெலும்பில், உள்பக்க விளிம்பை ஒட்டி, கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே தொடங்கிக் கெண்டைச் சதை திரளும் இடம் வரைக்கும் உள்ளங்கையால் தடவிக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது.

"உள்ளங்கையால் காட்டுகிறீர்கள், நல்லது. ஒற்றை விரலை வைத்து 'இதோ, இந்த இடம்' என்று காட்டுகிறவர்கள் வந்தால்தான் எனக்குக் கவலை."

பிறகு தன் கட்டைவிரலை அந்த விளிம்பில் வைத்து, ஆர்மோனியத்தின் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பவரைப்போலக் கீழிருந்து மேலே ஏறினார். மூன்று விரற்கடை நீளத்துக்கு எங்கே தொட்டாலும் வலி. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கச் சொன்னார். குதித்தேன். வலித்தது, ஆனால் குதிக்க முடிந்தது. இரவில் படுத்திருக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"எத்தனை நாளாக ஓடுகிறீர்கள்?"

"ஐந்து வாரம்."

"அதற்கு முன்பு?"

"அதற்கு முன்பு பதினைந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு ஜோடி ஷூக்களைத் துணிப்பையில் போட்டுச் சுமந்துகொண்டு போயிருந்தேன். எது குற்றவாளி என்று அவர் சொல்லிவிடுவார் என்பது என் எதிர்பார்ப்பு. அந்தப் பையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஓடுகிறவர்கள் இதை ஷின் ஸ்ப்ளின்ட் என்பார்கள். மருத்துவர்கள் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம் என்று எழுதுவார்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதிக்குத் தமிழில் கணைக்கால் என்று அழகான பழைய சொல் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தச் சொல் அறிமுகமானதே சேர மன்னன் கணைக்கால் இரும்பொறையின் மூலம்தான். சோழனின் சிறையில் கேட்ட தண்ணீர் உடனே வராமல் அலட்சியமாகத் தாமதித்து வந்ததால் குடிக்க மறுத்த மானஸ்தன். அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தமிழய்யாவிடம் கேட்டதற்கு, "அது உனக்குத் தேர்வில் வராது" என்று பதில் கிடைத்தது. எங்கள் பக்கம் யாரும் கணைக்கால் வலிக்கிறது என்று சொன்னதில்லை. "கால் எலும்பு வலிக்கிறது", அவ்வளவுதான்.

அந்த வலி எனக்குப் புதியதில்லை. இருபத்திரண்டு வயதில், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண் மைதானம் ஒன்றில், இதே விளிம்பில், இதே வலியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கான அறிவிப்பு வந்திருந்தது. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். சொன்னால் பெரிதாகத் தெரியாது. ஓடிப் பார்த்தால் தெரியும். எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர், ஆகவே ஏழரைச் சுற்று. அறிவிப்பு வரும்வரை மைதானத்தில் ஆடு மேயும். அறிவிப்பு வந்த மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு நாற்பது பேர் நிற்பார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். மிலிட்டரி அண்ணன் என்றுதான் அழைப்போம். காசு வாங்கமாட்டார். சூடாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

முதல் வாரம் மூன்று சுற்றில் நாக்குத் தள்ளியது. மூன்றாம் வாரம் பத்துச் சுற்று அநாயாசமாக ஓடினேன். உடம்பு காற்றில் மிதப்பதுபோல இருந்தது. காலையில் ஓடியது போதாதென்று மாலையிலும் ஓடினேன். ஐந்தாம் வாரம் ஒரு நாள், ஓட ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் எலும்பின் ஓரத்தில் சுருக்கென்றது. சூடு ஏறியதும் மறைந்தது. மறுநாள் சூடு ஏறியும் மறையவில்லை. அதற்கடுத்த வாரம் மாடிப்படி இறங்கும்போதே வலித்தது.

ஊரே வைத்தியம் சொன்னது. அம்மா புளியும் கல்லுப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டார். பெரியம்மா நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துத் துணியில் தடவிக் கட்டினார் இன்னொருவர். காய்ந்தபின் அதைப் பிய்த்தெடுத்தபோது உதிர்ந்த முடிகளைத் தவிர வேறு எதுவும் நீங்கவில்லை. மைதானத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன காரணம் என் ஷூ. பள்ளிக்கூட நாளில் வாங்கிய வெள்ளை கேன்வாஸ் ஷூ அது. அடிப்பாகம் தட்டையான ரப்பர், தோசைக் கனம்தான் இருக்கும். "இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினால் எலும்பு என்னவாகும்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் தலையாட்டினார்கள். அக்காள் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து நல்ல ஷூ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன். தேர்வு நாளில் 7 நிமிடம் 20 நொடி. இருபது நொடியில் என் காக்கிச்சட்டை போனது.

அந்தத் தோல்விக்கு ஷூ தாமதமாக வந்ததுதான் காரணம் என்று பதினைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எலும்பு என்றால் நாம் கல்தூணை நினைக்கிறோம். உண்மையில் ஓயாமல் வேலை நடக்கும் சென்னைச் சாலையைத்தான் நினைக்க வேண்டும். புதிதாகச் சாலை போடுவதற்கு முன் பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டுவார்களே, அதேபோலப் புதிய பாரத்தைக் கண்டதும் எலும்பு முதலில் தன்னைத்தானே தோண்டிக்கொள்கிறது. தோண்டுவதற்கென்று ஒரு வகைச் செல்கள், நிரப்புவதற்கென்று வேறொரு வகைச் செல்கள். தோண்டும் வேலை சுமார் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நிரப்பி இறுக்கும் வேலைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். சுரண்டிப்போட்ட சாலையில் பஸ்ஸும் தண்ணீர் லாரியும் இரவு பகலாக ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். அது எத்தனை நாளில் மாறுகிறது என்பதில்தான் எங்கள் மைதானம் ஏமாந்தது. நெஞ்சும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரத்திலேயே ஓட்டம் லேசாகிறது. தசையும் ஓரளவு தேறிவிடுகிறது. 'எனக்கு ஓட்டம் வந்துவிட்டது' என்று நாம் தூரத்தைக் கூட்டுவது சரியாக எலும்பு தோண்டிக்கிடக்கும் வாரங்களில். மூன்றாம் வாரம் மிதப்பதுபோல இருந்தது, ஐந்தாம் வாரம் வலித்தது என்று மேலே எழுதினேன். இரண்டு முறையும் அதே கணக்கு. இரண்டாம் முறை, நாற்பதை நெருங்கும் வயதில், பெசன்ட் நகர்க் கடற்கரையில்.

முன்பெல்லாம் இந்த வலிக்கு வேறு காரணம் சொன்னார்கள். கெண்டைச் சதைக்கு அடியில் இருக்கும் தசைகள் எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வைப் பிடித்து இழுத்து இழுத்துப் புண்ணாக்குகின்றன என்பது அந்த விளக்கம். அதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இப்போது அதிகம் பேசப்படுவது எலும்பு வளைவதைப் பற்றி. ஒவ்வொரு அடியிலும் கால் எலும்பு நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. ஓடும்போது தரையிலிருந்து வரும் விசை உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு. கெண்டைச் சதை இழுக்கும் விசையையும் சேர்த்தால் எலும்பின்மேல் ஏறும் பாரம் அதைவிடப் பன்மடங்கு. என் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் அடிகள். ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு முறை வளைந்து நிமிர வேண்டும். இந்த வலி உள்ள விளையாட்டு வீரர்களின் எலும்பை அளந்து பார்த்தபோது, வலிக்கும் இடத்தில் மட்டும் அடர்த்தி குறைந்திருந்தது. குணமானபின் அடர்த்தி திரும்பிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உடைந்து போனதில்லை, வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

வேலை பாதியில் நிற்கும்போதே மேலும் மேலும் ஓடுகிறவர்களுக்குத்தான் அந்த ஒற்றை விரல் வலி வருகிறது. எலும்பில் கீறல் விழுகிறது. குதித்தால் தாங்காது, படுத்தாலும் வலிக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அதிலும் எலும்பின் உள்விளிம்பில் இல்லாமல் நேர் முன்பக்கத்தில் ஒற்றைப் புள்ளியில் வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஓடும்போது அந்த இடம் இழுத்து விரிகிறது, அங்கே விழும் கீறல் எளிதில் ஒன்றுசேராது. ஓடஓடக் கால் இறுகி, பாதம் மரத்துப்போய், நின்றதும் சரியாகிவிடுகிறது என்றால் அது வேறு கதை. அதற்கும் மருத்துவர்தான்.

இனி ஷூ. பையைத் திறந்து பார்க்காத பிசியோதெரபிஸ்ட்டின்மேல் எனக்கு இருந்த கோபம் தீர ஒரு மாதம் ஆனது.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடலாம் என்று அலுவலக நண்பர்கள் இழுத்துவிட்டார்கள். பழைய பாடம் நினைவிருந்ததால் முதல் வேலையாக ஷூ வாங்கப் போனேன். வணிக வளாகத்தில் ஒரு கடை. டிரெட்மில்லில் ஓடவிட்டு, பின்னாலிருந்து குதிகாலைப் படமெடுத்து, கணினித் திரையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார்கள். என் பாதம் உள்பக்கமாகச் சாய்கிறதாம். ஓவர் ப்ரோனேஷன் என்றார் கடைக்காரத் தம்பி, வீட்டில் துக்கம் நடந்ததைச் சொல்லும் குரலில். சாய்வைத் தடுக்க உள்ஓரத்தில் கெட்டியான நுரை வைத்த ஷூ ஒன்றைக் காட்டினார். பதினோராயிரம் ரூபாய். மனைவியிடம் ஆறாயிரம் என்று சொன்னேன். இந்தக் கட்டுரையை அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பாதம் தரையில் படும்போது உள்பக்கம் கொஞ்சம் சாய்வது நோயில்லை. அது பாதத்துக்கு இயற்கை கொடுத்த சுருள்வில். அளவுக்கு மீறிச் சரிகிறவர்களுக்கு இந்த வலி வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது உண்மை. பாத வளைவு எடையை வாங்கியதும் எவ்வளவு தாழ்கிறது என்று மில்லிமீட்டரில் அளந்து, அதையும் இந்த வலியையும் ஆய்வுகள் தொடர்புபடுத்தியிருக்கின்றன. ஆனால் அதற்கென்று செய்த ஷூவைப் போட்டால் வலி வராது என்பது வேறு கூற்று. அதைச் சோதித்தவர்கள் அமெரிக்க ராணுவத்தினர். தரைப்படை, விமானப்படை, மரீன் என்று மூன்று படைகளிலும் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பாதத்தின் வடிவம் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு ஒன்று, வளைந்த பாதத்துக்கு ஒன்று என்று ஷூ கொடுத்தார்கள். மறுபாதிக்கு எந்தப் பாதமானாலும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிந்ததும் காயங்களை எண்ணினார்கள். பாதம் பார்த்துக் கொடுத்ததால் காயம் குறையவில்லை. இந்த முடிவுகள் 2009, 2010 வாக்கிலேயே வெளிவந்துவிட்டன. டிரெட்மில்லும் சிவப்புக் கோடும் இன்னும் இருக்கின்றன.

எதிர்முனைக்காரர்களும் என்னை விடவில்லை. அலுவலகத்தில் ஒருவர் வெறுங்கால் கட்சி. ஷூதான் எல்லா நோய்க்கும் மூலம் என்பார். 2010-இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையை அச்செடுத்தே வைத்திருக்கிறார். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்குகிறவர்களுக்கு விழும் அந்த முதல் 'தடார்' அவர்களுக்கு விழுவதில்லை என்பது அதன் சாரம். அது உண்மையான கண்டுபிடிப்பு. அதிலிருந்து 'ஆகவே ஷூவைக் கழற்று, காயமே வராது' என்று தாவியது வியாபாரம். ஐந்து விரல் வைத்த கையுறைபோன்ற ஷூக்களை விற்ற விப்ரம் நிறுவனம், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கை 2014-இல் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறியவர்களின் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. அவர்கள் ஓடத் தெரியாதவர்கள் அல்லர். மாற்றம்தான் அவசரமாகிவிட்டது.

வெறுங்கால் கட்சிக்காரர்கள் அபேபே பிகிலாவை விடமாட்டார்கள். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தானை வென்ற எத்தியோப்பியர். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 நொடி. நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டுக்கொண்டு ஓடி, மூன்று நிமிடத்துக்கு மேல் நேரத்தைக் குறைத்து மறுபடியும் தங்கம் வாங்கினார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். அதுவும் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில். நம் சிவ்நாத் சிங்கும் வெறுங்காலில் ஓடியவர்தான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தார். இவர்களெல்லாம் சிறு வயதிலிருந்தே அப்படி ஓடி எலும்பை இறுக்கிக்கொண்டவர்கள். பதினைந்து வருடம் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூவைக் கழற்றிவிட்டு மூன்று கிலோமீட்டர் ஓடினேன். திங்கட்கிழமை கெண்டைச் சதை இரண்டும் செங்கல்லாகிவிட்டன. அலுவலக மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். வலியில்லாமல் இறங்க அது ஒன்றுதான் வழி.

ஷூ பாரத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. தோள் மாற்றி விடுகிறது. குதிகால் உயர்ந்த கனத்த ஷூவில் கெண்டைச் சதைக்கும் குதிகால் தசைநாருக்கும் வேலை குறையும், முழங்காலுக்குக் கூடும். தட்டையான மெல்லிய ஷூவில் முழங்கால் தப்பிக்கும், கெண்டையும் பாதமும் மாட்டிக்கொள்ளும். எந்த ஷூ நல்லது என்று கேட்பது காவடி தூக்குகிறவரிடம் எந்தத் தோள் நல்லது என்று கேட்பதைப்போலத்தான். லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒரே ஷூவை நாள்தோறும் போடாமல் வேறுவேறு வகை ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்திருந்தது. தோள் மாற்றும் தர்க்கத்தோடு இது ஒத்துப்போகிறது. அதே நாட்டில் பின்னர் 848 பேரை வைத்துச் செய்த சோதனையில், வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து நுரையின் கெட்டித்தன்மை மட்டும் மாறிய இரண்டு ஷூக்களில், மென்மையான ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைவாக வந்தது. ஆகவே ஷூ முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த வழக்கில் அது இரண்டாம் எதிரி.

கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் பல பத்தாண்டுகள் ஷூவை ஆராய்ந்த பிறகு வந்து சேர்ந்த இடம் எளிமையானது. போட்டால் எது சுகமாக இருக்கிறதோ அதைப் போடு என்றார். அவருக்கு முன்பே என் பாட்டி செருப்புக் கடையில் சொன்னது அதுதான். ஆனால் பாட்டி ஆய்வுக்கட்டுரை எழுதவில்லை.

ஓர் இடைச்செருகல். பழைய ஷூவை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று பலர் கேட்கிறார்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. ஷூவை மேசைமேல் கண் மட்டத்தில் வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பேன். ஒருபக்கம் சாய்ந்து நின்றால், நுரையின் ஓரத்தில் நிலையான சுருக்கங்கள் விழுந்து அழுத்தினாலும் மீளாமல் இருந்தால், அது காய்கறி வாங்கப்போகும் ஷூ. பைக் டிக்கியில் வைத்து வெயிலில் வேகவிடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

ஓடும் முறைக்கு வருகிறேன். என் கண்ணைத் திறந்துவிட்டது மகளின் கைப்பேசி.

பிசியோதெரபிஸ்ட் பக்கவாட்டில் ஒரு காணொளி எடுத்து வரச் சொன்னார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், கடற்கரைச் சாலையின் நடைபாதையில் உட்கார்ந்து எடுத்தாள். மெதுவோட்டத்தில் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மனக்கண்ணில் மான், திரையில், பஸ்ஸைப் பிடிக்கத் தாவும் நடுத்தர வயது ஆசாமி. வலது கால் உடம்புக்கு வெகுதூரம் முன்னால் நீண்டு, முழங்கால் கம்பிபோல விறைத்து, ஷூவின் அடிப்பாகம் எதிரே வருகிறவருக்குத் தெரியும்படி குதிகாலில் இறங்குகிறது. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். "அப்பா, நீங்கள் ஓடுகிறீர்களா, நிற்கிறீர்களா?" என்றாள்.

குதிகாலில் இறங்குவது தானே குற்றமில்லை. உலகில் ஷூ போட்டு நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்குகிறார்கள். பாதம் உடம்புக்கு அடியில் இறங்குகிறதா, உடம்புக்கு முன்னால் போய் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இதைத் திருத்த "முன்பாதத்தில் இறங்கு" என்று சொன்னால் கெண்டை போய்விடும். அதைவிட எளிய வழி, நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதைக் கொஞ்சம் கூட்டுவது. அடி குறுகினால் பாதம் தானாகவே உடம்புக்கு அருகில் வந்துவிடும்.

180 என்ற எண்ணை எல்லோரும் மந்திரம்போலச் சொல்வார்கள். பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் அடிகளை எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்தது அது. பதக்கத்துக்காகப் பறக்கும் வேகத்தில் எண்ணியது. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும் எனக்கு அது சட்டமாகாது. நம் இயல்பான எண்ணிக்கையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டினாலே மூட்டுகளில் விழும் பாரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. என் எண்ணிக்கை 154. அதை 165 ஆக்கினேன். கைப்பேசியில் தாளம் தட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் தாளத்தோடு, இரண்டு நிமிடம் தாளமில்லாமல். முதல் வாரம் தெருவில் கோழி ஓடுவதைப்போல உணர்ந்தேன். மூன்றாம் வாரம் மறந்தே போனது.

அடி குறுகினால் அடிகள் கூடுமே, எலும்பு அதிக முறை வளையுமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். வளையும் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு முறையும் எவ்வளவு வளைகிறது என்பதற்குத்தான் எலும்பு அதிகம் அஞ்சும் என்றார் பிசியோதெரபிஸ்ட். கம்பியை லேசாக ஆயிரம் முறை அசைத்தால் ஒன்றும் ஆகாது, நன்றாக மடக்கி இருபது முறை வளைத்தால் ஒடிந்துவிடும்.

இன்னொரு குற்றமும் காணொளியில் அகப்பட்டது. சாலையோர வெள்ளைக் கோட்டின்மேல் ஓடுவது எனக்கு வழக்கம். நேராக ஓடுவதற்கு உதவும் என்று நானே கண்டுபிடித்துக்கொண்ட உத்தி. இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் விழும்படி, கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதுபோல ஓடினால், கால் எலும்பின்மேல் வளைவு கூடுகிறது. பாதங்களுக்கிடையே ஒரு கையகலம் இடைவெளி விட்டதில் எலும்பு ஓரத்தின் இழுப்புக் குறைந்ததை அன்றே உணர்ந்தேன். போதாக்குறைக்கு, சாலையின் ஓரம் மழைநீர் வடிய எப்போதும் சரிந்துதான் இருக்கும். தினமும் ஒரே பக்கம் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஓடுகிறது.

ஆனால் இதையெல்லாம்விட என்னைத் தொந்தரவு செய்தது ஒரு பழைய குரல். "எருமை மாதிரி ஓடாதேடா. பூனை மாதிரி ஓடு. உன் கால் சத்தம் உன் காதுக்கே கேட்கக் கூடாது." மிலிட்டரி அண்ணன் மைதானத்தின் நடுவில் டீ கிளாஸோடு நின்று தினமும் கத்தியது. சத்தத்தைக் குறைக்க முயன்றால் அடி தானே குறுகும், முழங்கால் தானே மடங்கும், செயலியும் வேண்டாம், காணொளியும் வேண்டாம். அவர் சொன்னபோது காதில் வாங்காமல் ஷூவைப் பற்றி அழுதுகொண்டிருந்தேன்.

சிகிச்சை என்று பெரிதாக எதுவுமில்லை. மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தினேன், நடை மட்டும். வலித்தால் பத்து நிமிடம் ஐஸ். அது வலியைத்தான் குறைக்கும், எலும்பை வளர்க்காது. மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி, முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை. மடக்கிச் செய்வதுதான் உள்ளே இருக்கும் தசைக்கு. முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில், அப்புறம் முதுகில் மகளின் புத்தகப் பையோடு. அதன் கனத்தைப் பார்த்தபின் பள்ளிக் கல்வியைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதத் தோன்றியது. ஓட்டம் திரும்பியபோது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை பல் துலக்கும்போது குனிந்து எலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். நேற்றைவிட வலித்தால் நேற்று ஓடியது அதிகம். இந்த ஆர்மோனியப் பரிசோதனைக்குச் செலவில்லை.

அந்த ஜனவரியில் நான் ஓடவில்லை. நடைபாதையில் நின்று நண்பர்களுக்குக் கைதட்டினேன். அதற்கடுத்த ஜனவரியில் ஓடினேன். நேரத்தைச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது விடிகாலையில் மைதானம் பக்கம் போனேன். மிலிட்டரி அண்ணன் இல்லை, காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனால் முப்பது நாற்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், பெண் பிள்ளைகளும் ஏழெட்டுப் பேர். எங்கள் காலத்தில் ஒருவர்கூடக் கிடையாது. அவர்களுக்கு இந்த வலி ஆண்களைவிட அதிகம் வருகிறது என்பது தெரிந்த விஷயம். காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டையும் குறைத்து, மாதவிலக்கு நின்றுபோனாலும் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பிள்ளைகளின் எலும்புக்கு நிரப்புவதற்குச் சரக்கே இருக்காது. பயிற்சி கொடுக்கும் ஆண்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். யாராவது ஒரு பெண் மருத்துவரோ செவிலியரோ மாதம் ஒரு முறை மைதானத்துக்கு வந்து பேசினால் போதும்.

திண்ணையோரம் ஒரு பையன் காலுறையை இறக்கிவிட்டு எலும்பின் உள்ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளங்கையால். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளாகத் தம்பி ஓடுகிறாய்?"

"நாலு வாரம் ஆகிறது அண்ணா. ஒன்றுமில்லை, லேசான வலிதான்."

"எவ்வளவு தூரம்?"

"காலையில் பன்னிரண்டு சுற்று. சாயங்காலம் எட்டு."

ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். விநோதமாகப் பார்த்துவிட்டுக் குதித்தான். பத்து முறையும் குதித்தான். எனக்கு மூச்சு வந்தது. உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, ஏழு வாரம் இருக்கும் என்றான். விரல்விட்டு எண்ணினேன். இரண்டு வாரம் ஓடாமல் படி விளிம்பில் குதிகால் பயிற்சியும் நடையும், மூச்சு விட்டுப்போகாமல் இருக்க அவன் மாமாவின் சைக்கிள். அடுத்த மூன்று வாரம் ஓட்டமும் நடையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு வாரத்தில் வாரம் இரண்டு முறை மட்டும் வேக ஓட்டம். சாயங்கால ஓட்டம் அறவே கூடாது. காலடிச் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று எழுந்து பத்தடி ஓடிக்கூடக் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"சரி அண்ணா. அப்படியென்றால் ஷூ எது வாங்கட்டும்?"

சாயங்காலம் போய் வாங்கு, அப்போதுதான் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும் என்றேன். ஓடும்போது போடும் காலுறையை மாட்டிக்கொண்டு போ. முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். கடைக்குள் நான்கு முறை ஓடிப் பார். போட்டிருப்பதே தெரியாத மாதிரி எது இருக்கிறதோ அது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகாதே.

இதை மட்டும் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.